பதினேழு வயதில் ஒரு கையெழுத்து

1

'ஹூப் ட்ரீம்ஸ்' ஆவணப்படத்தை நான் முதலில் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில், ரூம்மேட்டின் லேப்டாப்பில். 1994இல் வந்த படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிகாகோவின் இரண்டு கறுப்பினப் பையன்கள், வில்லியம் கேட்ஸும் ஆர்தர் ஏஜீயும், பதினான்கு வயதிலிருந்து கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும் கதை. நான் பாஸ்கெட்பால் ஆடியவன் இல்லை. பாதியில் தூங்கிவிடுவேன் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்தேன்.

தூங்க முடியவில்லை. கேட்ஸைத் தேடிப் பல்கலைக்கழகக் கோச்சுகள் வர ஆரம்பிக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நானெல்லாம் கவுன்சிலிங் ஹாலில் திரையைப் பார்த்து, மிச்சமிருந்த சீட்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்தவன். காலேஜ் என்னைத் தேர்ந்தெடுத்ததா, நான் காலேஜைத் தேர்ந்தெடுத்தேனா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அங்கே என்னடாவென்றால் காலேஜே வீடு தேடி வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து பேசுகிறது. பெண் பார்க்க வருகிற மாதிரி. சொஜ்ஜி, பஜ்ஜி மட்டும்தான் இல்லை.

ஆனால் பெண் பார்க்கும் படலத்தில் உள்ள சங்கடமும் அங்கே இருந்தது. வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தில் நைக்கி கம்பெனி நடத்தும் ஒரு முகாம் வரும். அங்கே வந்து பேசும் இயக்குநர் ஸ்பைக் லீ, அந்தப் பையன்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்: உங்கள்மேல் இங்கே யாருக்கும் அக்கறை கிடையாது, நீங்கள் இங்கே இருப்பதற்குக் காரணமே உங்களால் அவர்கள் டீம் ஜெயிக்கும் என்பதுதான், எல்லாமே பணம்.

இப்போது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி யார் பேசினாலும் ஒரு புலம்பல் கேட்கிறது. "அந்தக் காலத்தில் பசங்க காலேஜ் மேல உள்ள பிரியத்துல போனாங்க. இப்ப எல்லாம் காசு." இது எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் நான் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன். எழுபது வருடக் கதை. அதில் நாலைந்து பையன்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

2

1955. பிலடெல்பியாவின் ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் ஏழடி உயரத்துக்கு ஒரு பையன். வில்ட் சேம்பர்லின். இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவனைக் கேட்டன. அவன் தேர்ந்தெடுத்தது கன்சாஸ் பல்கலைக்கழகம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளியில் கிடக்கும் லாரன்ஸ் என்கிற சின்ன ஊர்.

ஏன் கன்சாஸ்? அங்கே இருந்தவர் ஃபாக் ஆலன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர், கல்லூரிக் கோச் என்ற தொழிலுக்கே முன்னோடி. அவர் தனியாக வலை வீசவில்லை. கன்சாஸ் சிட்டியின் கறுப்பினப் பிரமுகர்களையும் பேசவைத்தார். அங்கே வெளிவந்த கறுப்பினப் பத்திரிகையான 'தி கால்' இதழைச் சேர்ந்த டவுடல் டேவிஸ் அவர்களில் ஒருவர். அவர்களுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் வந்தால், லாரன்ஸில் கறுப்பர்களுக்குச் சாத்தப்பட்டிருக்கும் கதவுகள் கொஞ்சமாவது திறக்கும்.

சேம்பர்லினுக்கு அந்தக் கதவுகளைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லைபோல. கல்லூரியில் சேரக் காரோட்டிக்கொண்டு வரும் வழியில், கன்சாஸ் சிட்டி பக்கம் ஓர் உணவகத்தில் நுழைகிறார். ஹாலில் உட்கார முடியாது, வேண்டுமானால் சமையல்கட்டில் வைத்துச் சாப்பிடலாம் என்கிறார்கள். ஆத்திரத்தோடு நேராக ஆலன் வீட்டுக்குப் போய் நின்றதைப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். திரும்பிப் போகவில்லை. அந்த ஊர்ப்பக்கம் இருந்த ஒவ்வொரு கடையிலும் போய் உட்கார்ந்து, சாப்பாடு வரும்வரை எழுந்திருக்காமல் இருந்தே பழக்கத்தை உடைத்தேன் என்கிறார்.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, யாருக்காக அவர் வந்தாரோ அந்த ஆலன் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்போதைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. அந்த ஒரு வருடத்துக்குள் ஆலனுக்கு எழுபது வயதாகிவிட்டது. பல்கலைக்கழகம் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. கோச்சை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பையன், வேறு கோச்சின்கீழ் ஆடினான். 1957 இறுதியாட்டத்தில், மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு, நார்த் கரோலினாவிடம் 54-53 என்று தோற்றார்கள்.

இரண்டாவது, காசு. அவர் போன பிறகு, அவருக்குக் கார் வாங்க ஆதரவாளர்கள் உதவிய விவகாரத்தில் கன்சாஸ் தண்டிக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கொடுத்த தண்டனை. அதாவது 'அந்தக் காலம்' என்று சொல்கிறோமே, அந்தக் காலத்தின் தொடக்கத்திலேயே ஒரு கார் நிற்கிறது.

3

பத்து வருடம் கழித்து, நியூ யார்க். பவர் மெமோரியல் என்கிற கத்தோலிக்கப் பள்ளி. லூ அல்சிண்டர். பின்னால் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். அவருடைய பள்ளி அணி தொடர்ந்து 71 ஆட்டங்கள் ஜெயித்தது. 1965 ஜனவரியில் டிமாத்தா பள்ளியிடம் 46-43 என்று தோற்றபோதுதான் அந்த வரிசை அறுந்தது.

அவரைச் சுற்றி ஒரு மதில் சுவர் இருந்தது. கோச் ஜாக் டோனஹ்யூ. பத்திரிகைக்காரன், ஆள்பிடிக்க வருகிறவன், கடிதம், போன், எல்லாம் அவர் வழியாகத்தான். பையனைப் பாதுகாக்கிறேன் என்றார். அது பொய்யில்லை. ஆனால் ஒருநாள், அணி மந்தமாக ஆடிய ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், அந்தப் பையனைப் பார்த்து, நீ ஒரு... மாதிரி ஆடுகிறாய் என்று கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வார்த்தையைச் சொன்னார். உசுப்பேற்றுவதற்காகச் சொன்னேன், பார், வேலை செய்தது என்றாராம் ஆட்டம் முடிந்ததும். அல்சிண்டருக்கு அந்த நொடியில் ஏதோ முறிந்துபோனது. கரீம் இதைத் தன் புத்தகங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். கிழவரான பிறகும் அந்த இடைவேளையைவிட்டு அவர் வெளியே வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

1964 கோடையில் அந்தப் பையன் ஹார்லெமில் ஓர் இளைஞர் திட்டத்தில் சேர்ந்து பத்திரிகை வேலை கற்றான். மார்ட்டின் லூதர் கிங்கின் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றில், கையில் டேப் ரெக்கார்டரோடு அவன் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அதே ஜூலையில் ஹார்லெம் கலவரம். பாதாள ரயில் நிலையத்தின் படியேறி 125ஆம் தெருவுக்கு வந்தவன், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பதினேழு வயது. நாம் ஆட்டத்தின் புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம்.

முடிவு எப்படி வந்தது? 1964, 1965 இரண்டு வருடமும் யூ.சி.எல்.ஏ. சாம்பியன். அது ஒரு காரணம். ஆனால் அவர் சொல்லும் காரணங்களில் பந்து சம்பந்தமில்லாதவைதான் ருசியானவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் எட் சல்லிவன் நிகழ்ச்சி. அதில் ரேஃபர் ஜான்சன் வருகிறார். ஒலிம்பிக் டெகாத்லான் வீரர். ஆனால் அவரை அங்கே அறிமுகப்படுத்தியது யூ.சி.எல்.ஏ. மாணவர் தலைவராக. கறுப்பர் ஒருவரை ஓட்டுப் போட்டுத் தலைவராக்கும் கல்லூரி ஒன்று இருக்கிறது என்று அந்தச் சிறுவன் மனதில் பதிந்துவிட்டது. பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் கடிதம் எழுதினார். அவரும் அங்கே படித்தவர். நோபல் அமைதிப் பரிசு வாங்கிய ரால்ஃப் பன்ச், அவரும் யூ.சி.எல்.ஏ. பழைய மாணவர், அவரும் எழுதினார். ஐ.நா. சபையிலிருந்து ஒருவர் பள்ளிப் பையனுக்கு லெட்டர் போடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கோச் ஜான் வுடன். அவர் முதலில் படிப்பைப் பற்றிப் பேசினார் என்பது பையனுக்குப் பிடித்தது. ஆனால் மறுபக்கத்தில் டோனஹ்யூ. அதே 1965இல் அவருக்கு ஹோலி கிராஸ் கல்லூரியில் கோச் வேலை கிடைத்திருந்தது. தன் மாணவன் தன்னோடு வருவான் என்று எதிர்பார்த்தார். அல்சிண்டர் மரியாதைக்காகப் போய் ஹோலி கிராஸைப் பார்த்துவிட்டு வந்தார். 1965 மே மாதம், பள்ளியின் ஜிம்மில் நிருபர்களுக்கு முன்னால் நின்று யூ.சி.எல்.ஏ. என்றார்.

எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். ஒரு பையன் காலேஜைத் தேர்ந்தெடுப்பது வெளியே தெரிந்த செய்தி. அதற்குள்ளே, நாலு வருடம் தன்னை வளர்த்த, ஒரு வார்த்தையால் தன்னை உடைத்த மனிதரிடம் 'வரமாட்டேன்' என்று சொல்வதும் இருந்தது. பல வருடங்கள் கழித்து அவர்கள் சமாதானமானார்கள்.

அங்கே போய்ச் சுகமாக இருந்தாரா என்றால், பாதிதான். மூன்று வருடத்தில் மூன்று பட்டம், 88 வெற்றி, 2 தோல்வி. அரங்கம் நிறைந்து வழிந்தது. அவர் பையில் காசில்லை. லூஷியஸ் ஆலனும் தானும் மிஷிகன் ஸ்டேட்டுக்கு மாறிப்போக யோசித்ததையும், சாம் கில்பர்ட் என்ற பணக்கார ஆதரவாளர் வந்து பிரச்சினையைத் தீர்த்ததையும் கரீமே பிற்பாடு எழுதினார். அந்த கில்பர்ட் விவகாரம் பல வருடம் மூடியே இருந்து, 1981இல்தான் யூ.சி.எல்.ஏ.வுக்குத் தண்டனையாக வந்தது.

4

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கையெழுத்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

1956இல் என்.சி.ஏ.ஏ. விளையாட்டுக்காகவே ஸ்காலர்ஷிப் தரலாம் என்று அனுமதித்தது. சம்பளம் கிடையாது. கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில்தான் 'மாணவ-விளையாட்டாளர்' என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேட்க அழகாக இருக்கிறதா? அது ஒரு வழக்கறிஞர் சொல். கொலராடோவில் கால்பந்து ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒரு மாணவரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். ஆட்டக்காரன் தொழிலாளி என்று ஆகிவிட்டால் எல்லாக் கல்லூரியும் மாட்டிக்கொள்ளும். அதிலிருந்து தப்பிக்கப் பிறந்த சொல் அது என்று, என்.சி.ஏ.ஏ.வை 1951 முதல் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக நடத்திய வால்டர் பையர்ஸே, ஓய்வுபெற்ற பிறகு 1995இல் எழுதிய புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மனைவி வழக்கில் தோற்றார்.

1964இல் தேசிய அளவில் 'விருப்பக் கடிதம்' வந்தது. பையன் அதில் கையெழுத்துப் போட்டால் மற்ற கல்லூரிகள் அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது. அவனும் மாறக் கூடாது, மாறினால் ஆட முடியாமல் உட்காரவேண்டியதுதான். 1973இல் இன்னொரு மாற்றம்: நாலு வருட ஸ்காலர்ஷிப்பை வருடா வருடம் புதுப்பிக்கும் ஸ்காலர்ஷிப் ஆக்கினார்கள். ஆக, பையன் கட்டுப்பட்டான், கல்லூரி வருடத்துக்கு வருடம் யோசித்துக்கொள்ளலாம். கோச் நாளைக்கே வேறு காலேஜுக்குப் போகலாம். 'ஹூப் ட்ரீம்ஸில்' முழங்கால் போன வில்லியம் கேட்ஸுக்கு மார்க்வெட் பல்கலைக்கழகம், நீ ஆடமுடியாமல் போனாலும் நாலு வருடப் படிப்பு உறுதி என்று சொல்வது ஏன் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று, இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்தச் சட்டதிட்டத்துக்குள்ளும் சில பையன்கள் ஊரையே எடைபோட்டார்கள். சார்லி ஸ்காட், நியூ யார்க்கிலிருந்து நார்த் கரோலினாவின் லாரின்பர்க் பள்ளிக்கு வந்து படித்தவர். வகுப்பில் முதலிடம். டேவிட்சன் கல்லூரிக்குப் போவதாகத்தான் இருந்தது. அந்த ஊர் உணவகம் ஒன்றில் அவருடைய பள்ளிக் கோச் தம்பதிக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். முடிந்தது டேவிட்சன் கதை. சாப்பல் ஹில்லில் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கோச் டீன் ஸ்மித், பையனைத் தான் போகும் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். 'சார்ல்ஸ்' என்றான் பையன். ஊரெல்லாம் சார்லி என்றபோதும் ஸ்மித் கடைசிவரை சார்ல்ஸ் என்றே கூப்பிட்டார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின விளையாட்டு வீரர் அவர்தான். அவர் சேர்ந்த அதே 1966இன் மார்ச்சில், ஐந்து கறுப்பினத்தவரை முதல் ஐவராக இறக்கிய டெக்சஸ் வெஸ்டர்ன், முழுக்க வெள்ளையரான கென்டக்கி அணியை இறுதியாட்டத்தில் 72-65 என்று வீழ்த்தியது. தெற்கின் பெரிய கல்லூரிகள் கறுப்பினப் பையன்களின் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தன. மனசாட்சி விழித்ததா, தோற்றுப்போன பயமா? இரண்டும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

5

1974. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க். மோசஸ் மலோன். அம்மா மேரி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துத் தனியாக வளர்த்த ஒரே பிள்ளை. பள்ளி அணி ஐம்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்தது. முந்நூறு கல்லூரிகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஊரின் மோட்டல்களில் கோச்சுகள் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கினார்கள். பையன் பேசவே மாட்டான். முனகல்தான். அதை வைத்து அவனுக்குப் பட்டப்பெயர்கூட வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால், ஊரே வாய் ஓயாமல் பேசும்போது வாயை மூடிக்கொள்வதைவிடப் புத்திசாலித்தனம் வேறு என்ன?

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டான். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் கோடையில், என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்துகொண்டிருந்த ஏ.பி.ஏ. தொழில்முறை லீகிலிருந்து யூட்டா ஸ்டார்ஸ் அணி வந்தது. பல லட்சம் டாலர் ஒப்பந்தம். பையன் காலேஜ் வேண்டாம் என்று போய்விட்டான். நவீன காலத்தில் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறைக்குப் போன முதல் ஆள்.

எத்தனை கட்டுரைகள், எத்தனை வருத்தங்கள்! கல்வியை இழந்தான், இளமையை இழந்தான். ஆனால் அம்மாவின் வார சம்பளம் நூறு டாலர் அளவில் இருந்த வீடு அது. மலோன் மூன்று முறை என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர், அவன் இலவசமாக ஆடியிருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியவர்கள்.

6

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓர் அம்மா. டோரதி யூயிங். ஜமைக்காவிலிருந்து வந்து மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தார். மகன் பாட்ரிக் பன்னிரண்டு வயதுவாக்கில் அமெரிக்கா வந்து, அதற்குப் பிறகுதான் கூடைப்பந்தைத் தொட்டான். நாலைந்து வருடத்தில் நாடே தேடும் ஆளாகிவிட்டான். அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: பட்டம் வாங்கணும்.

பையனுக்குப் படிப்பில் என்னென்ன உதவி வேண்டும் என்று பள்ளிக் கோச் மைக் ஜார்விஸ் கல்லூரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வெளியே கசிந்தது. அதற்குப் பிறகு எதிரணி ரசிகர்கள் 'யூயிங்குக்குப் படிக்கத் தெரியாது' என்று பேனர் பிடித்தார்கள். வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். 1980களில். அமெரிக்காவின் படித்த மாணவர்கள்.

அவர் தேர்ந்தெடுத்தது வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன். கோச் ஜான் தாம்சன். கறுப்பினத்தவர், ஆறடி பத்தங்குலம், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. தன் அலுவலகத்தில் காற்றுப்போன பந்து ஒன்றை வைத்திருந்தார். பையன்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. பந்தில் காற்று போன பிறகு நீ என்ன செய்வாய் என்பது அதன் அர்த்தம். நார்த் கரோலினாவும் யூயிங்கின் பட்டியலில் இருந்தது. அங்கே பார்க்கப் போயிருந்தபோது பக்கத்தில் கு கிளக்ஸ் கிளான் கூட்டம் நடந்ததை யூயிங் பின்னாளில் சொன்னார். டீன் ஸ்மித் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கோச் ஊரில் பாதிதானே.

1983இல் டோரதி இறந்துவிட்டார். 1984இல் ஜார்ஜ்டவுன் சாம்பியன். அப்போதே போயிருந்தால் கோடிகள் காத்திருந்தன. யூயிங் இன்னொரு வருடம் இருந்து, 1985இல் பட்டம் வாங்கிய பிறகுதான் என்.பி.ஏ.வுக்குப் போனார். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

மலோன் செய்தது சரியா, யூயிங் செய்தது சரியா என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பட்டிமன்றம் மாதிரி பிரிந்து சண்டை போடுவார்கள். எனக்கு இரண்டுமே அம்மா சம்பந்தப்பட்ட முடிவுகளாகத்தான் தெரிகின்றன.

7

இதற்கிடையில் வீட்டு ஹாலில் புதிதாக ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. ஷூ கம்பெனிக்காரரின் நாற்காலி.

பென்சில்வேனியாக்காரர் சானி வக்காரோ, 1970களின் இறுதியில் நைக்கிக்கு ஒரு யோசனை சொன்னார். கல்லூரிக் கோச்சுக்குப் பணம் கொடுங்கள், அவர் பையன்களின் காலில் உங்கள் ஷூவை மாட்டிவிடுவார். நடந்தது. பையன் ஷூ வாங்கக் காசு வாங்கினால் குற்றம், கோச் ஷூ மாட்டிவிடக் காசு வாங்கினால் ஒப்பந்தம். தாம்சனும் நைக்கியின் ஆள்தான். 1991இல் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலேயே சேர்ந்தார். பிறகு ஷூ கம்பெனிகள் பள்ளிப் பையன்களுக்கான கோடைக்கால அணிகளையும் முகாம்களையும் கையில் எடுத்தன. பதினைந்து வயதில் எந்த ஷூவோடு பழகினானோ, பதினெட்டில் அந்த ஷூ போடும் காலேஜுக்கே போவான் என்பது கணக்கு.

2005இல் என்.பி.ஏ. இன்னொரு பூட்டுப் போட்டது. பத்தொன்பது வயது ஆகணும், பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகணும். கார்னெட், கோபி, லெப்ரான் மாதிரி நேராக வர முடியாது. ஆக, ஒரு வருடம் எங்காவது ஆட வேண்டும். கல்லூரி என்பது காத்திருப்பு அறை ஆயிற்று.

இந்தப் பூட்டில் விரல் நசுங்கியவர் பிரையன் போவன். மிஷிகனின் சாகினாவைச் சேர்ந்தவர். 2017 ஜூனில் லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பரில் எஃப்.பி.ஐ. பத்துப் பேரைக் கைது செய்தது. அடிடாஸ் ஆட்கள் போவனின் அப்பாவுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகப் பேசியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தனக்குத் தெரியாது என்றார் மகன். வழக்கின் தர்க்கம்தான் விசித்திரம்: இதில் ஏமாற்றப்பட்டது பல்கலைக்கழகமாம். கூடைப்பந்தில் கோடிகோடியாகச் சம்பாதித்த நிறுவனம் பாதிக்கப்பட்ட தரப்பு. நீதிமன்றம் ஏற்றது, அடுத்த வருடம் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆனது.

போவன் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை. சவுத் கரோலினாவுக்கு மாறிப் பார்த்தார், அனுமதி கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி கிங்ஸுக்கு ஆடப் போனார். தேர்வு செய்தது அவர், அதை விற்றது மற்றவர்கள், விலை கொடுத்தது மறுபடி அவர்.

8

பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பத்து நாளில், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. 2025 ஜூனில் ஒரு சமரசத் தீர்ப்பின்படி கல்லூரிகளே நேரடியாக, வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர்வரை, வீரர்களுக்குப் பங்கு கொடுக்க வழி பிறந்தது. போவனின் அப்பா எதற்காகக் கோர்ட்டில் நின்றாரோ, அதைப்போல் பல மடங்குத் தொகையை இன்று வக்கீலை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பேசலாம். இடையில் வெறும் நாலு வருடம்.

2024 டிசம்பர். நாட்டின் முதலிடத்தில் இருந்த பள்ளி வீரர் ஏ.ஜே. டிபான்ட்சா, தொலைக்காட்சி நேரலையில் அறிவித்தார்: பிரிகாம் யங் பல்கலைக்கழகம். நார்த் கரோலினா, கன்சாஸ், அலபாமா எல்லாம் வரிசையில் நின்றன. மார்மன் சபையின் பல்கலைக்கழகம் அது. இந்த ஆட்டத்தில் ராஜபரம்பரை கிடையாது. பல மில்லியன் டாலர் என்று செய்திகள் சொல்லின. பையன், என்.பி.ஏ.வில் வேலை பார்த்துவிட்டு வந்த கோச்சையும் அவருடைய பயிற்சிமுறையையும் காரணமாகச் சொன்னார். உடனே பழைய புலம்பல்: பார்த்தீங்களா, காசு.

ஆனால் எனக்கு அதே சமயத்தில் இன்னொரு பையன் ஞாபகம் வருகிறான். மக்கூர் மேக்கர். நைரோபியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தெற்கு சூடான் வம்சாவளிப் பையன். 2020 ஜூலை. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு அமெரிக்கத் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். யூ.சி.எல்.ஏ.வையும் கென்டக்கியையும் விட்டுவிட்டு, வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பினத்தவருக்காக உருவான பழம்பெரும் கல்லூரி. அந்த அளவு மதிப்புள்ள வீரர்கள் அங்கே போவது வழக்கமில்லை. நான் போனால் இன்னும் பலர் வருவார்கள் என்று நம்பினார். இரண்டே ஆட்டம். காயம். பிறகு கொரோனாவில் சீசனே ரத்து. அவரும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் சிட்னி கிங்ஸ். அவர் பின்னால் பெரிய கூட்டம் எதுவும் போகவில்லை.

அல்சிண்டர் டி.வி.யில் ஒரு மாணவர் தலைவரைப் பார்த்தது, ஸ்காட் ஓர் உணவகத்தை வைத்து ஊரை எடைபோட்டது, மேக்கர் எடுத்த முடிவு, மூன்றும் எனக்கு ஒரே கோட்டில் தெரிகின்றன. அங்கே நான் மனிதனாக நடத்தப்படுவேனா என்று கேட்ட பையன்கள். அதே கோட்டுக்குப் பக்கத்திலேயே கார், கில்பர்ட், யூட்டா ஸ்டார்ஸ், அடிடாஸ் என்று காசின் கோடும் ஓடிவந்திருக்கிறது. 'அந்தக் காலத்தில்' இரண்டாவது கோடு மேஜைக்குக் கீழே ஓடியது. இப்போது மேஜைமேல். பிரியம் போய்க் காசு வந்தது என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: கீழே ஓடியபோது அது யார் பக்கம் ஓடியது?

2024 அக்டோபரில் அந்த விருப்பக் கடிதத்தையே கைவிட்டுவிட்டார்கள். அறுபது வருடம் ஓடிய காகிதம். இப்போது பையன் வருடா வருடம் கல்லூரி மாறலாம், தடை கிடையாது. கோச்சுகள், பசங்களுக்கு விசுவாசமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். கோச்சுகள் காலங்காலமாகச் செய்துவந்ததைத்தான் பையன்களும் செய்கிறார்கள்.

'ஹூப் ட்ரீம்ஸை' சமீபத்தில் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ஆட்டங்களை ஓட்டிவிட்டு, பேச்சு வருகிற இடங்களை மட்டும் பார்த்தேன். பரீட்சையில் தேவையான 18 மதிப்பெண்ணுக்காக வில்லியம் கேட்ஸ் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்கிறான். 17.5 வந்து, அதை 18 ஆக்கிக்கொள்கிறார்கள். மார்க்வெட்டின் உறுதிமொழி வருகிறது. கையெழுத்துப் போடுகிறான். அப்புறம் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். என்.பி.ஏ.வுக்குப் போகவில்லை. மார்க்வெட்டில் படித்து முடித்தான், பின்னாளில் மத போதகரானான். கல்லூரி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது.

முதல்தடவை பார்த்தபோது இதை ஒரு தோல்விக் கதை என்று நினைத்து, ரூம்மேட்டிடம் சொல்லி வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கிறது.